கடைக்காரர் நாடாளுமன்றத்துக்குப் போனால்: சுவிட்சர்லாந்தின் கோட்லீப் டுட்வைலர்



"வணிகர்கள் அரசியலில் ஈடுபடுவது நாட்டுக்கு நன்மையே." இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்து விவாதக் கட்டுரை எழுதச் சொன்னால், பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் வரும். "அவருகிட்டதான் ஏற்கனவே பணம் இருக்கே சார், அவரு ஏன் ஊழல் செய்யப் போறாரு?" என்பது ஒரு கட்சி. "வியாபாரின்னா லாபத்தைத்தான் பார்ப்பாரு டீச்சர்" என்பது மறு கட்சி. இரண்டுமே ஊகம். சான்று எங்கே என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

கருத்தை எழுதுவது சுலபம். அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் உண்மையான மனிதரின் கதை கையில் இருக்க வேண்டும். அப்படி ஒரு கதைதான் இது. சுவிட்சர்லாந்தில் லோரியில் மளிகைப் பொருள் விற்றுப் பெரிய நிறுவனத்தை உருவாக்கி, அதே காரணத்தால் அரசியலுக்குள் நுழைந்த ஒருவரின் கதை. இவரைப் புகழ்வது எளிது. குறை சொல்வதும் எளிது. இரண்டு பக்கத்துக்கும் சான்று இருப்பதால்தான் விவாதக் கட்டுரைக்கு இவர் பொருத்தமான எடுத்துக்காட்டு.

யார் இவர்?

கோட்லீப் டுட்வைலர் 1888 ஆகஸ்ட் 15-ஆம் நாள் சூரிக் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அங்கே உணவுப் பொருள் விற்கும் ஒரு நுகர்வோர் கூட்டுறவுச் சங்கத்தில் நிர்வாகியாக இருந்தவர். டுட்வைலர் இளம் வயதிலேயே வணிக நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். காப்பி, எண்ணெய், கொழுப்பு போன்ற பொருள்களை மொத்தமாக வாங்கி விற்பது அதன் தொழில். திறமையால் அந்த நிறுவனத்தின் பங்குதாரராகவும் உயர்ந்தார்.

முதல் உலகப் போர் முடிந்ததும் பொருள்களின் விலை சரிந்தது. நிறுவனம் மூடப்பட்டது. டுட்வைலர் தம் மனைவி அடேலேவுடன் பிரேசிலுக்குப் போய் விவசாயம் செய்து பார்த்தார். அதுவும் சரிப்பட்டு வரவில்லை. ஊருக்கே திரும்பிவிட்டார்.

ஆனால், வணிகத்தில் இருந்த ஆண்டுகளில் ஒன்றை அவர் கவனித்திருந்தார். காப்பி விளைவிப்பவருக்குக் கிடைக்கும் விலைக்கும், சூரிக் இல்லத்தரசி கடையில் கொடுக்கும் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் பல கைகள். அதைக் குறைக்க முடியாதா? இந்தக் கேள்விதான் பிறகு நடந்த அனைத்துக்கும் தொடக்கம்.

ஐந்து லோரி, ஆறு பொருள்

1925 ஆகஸ்டில் சூரிக் தெருக்களில் ஐந்து ஃபோர்டு வண்டிகள் கிளம்பின. அவற்றில் ஆறே பொருள்கள்: காப்பி, அரிசி, சீனி, பாஸ்தா, தேங்காய்க் கொழுப்பு, சவர்க்காரம். நிறுவனத்தின் பெயர் மிக்ரோ. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் விற்பவர் என்ற பொருளில் அந்தப் பெயர் அமைந்ததாகச் சொல்வார்கள்.

கடை வாடகை இல்லை. கண்ணாடி அலமாரி இல்லை. வண்டி ஓரிடத்தில் கொஞ்ச நேரம் நிற்கும்; வாங்கியதும் அடுத்த இடத்துக்குப் போய்விடும். சில்லறை எண்ணி நேரம் போகக்கூடாது என்பதற்காக விலையை முழுத் தொகையாக வைத்து, பொட்டலத்தின் எடையை அதற்கேற்ப மாற்றினார்கள். இப்படிச் செலவைக் குறைத்ததால் சில பொருள்களின் விலை மற்றக் கடைகளைவிட நூற்றுக்கு 40 வரை குறைந்தது.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். அவர் தருமம் செய்யவில்லை. குறைந்த லாபம், வேகமான விற்பனை என்ற கணக்கில் இயங்கினார். நல்ல வணிகம்தான். ஆனால், அந்த வணிகம் யாருடைய வயிற்றில் அடித்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பு

சிறு கடைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய பயம் நியாயமானதுதான். மூன்று பேர் வேலை செய்யும் குடும்பக் கடை, லோரி விலைக்கு ஈடுகொடுக்க முடியுமா? புகழ்பெற்ற பெயர்களில் பொருள் தயாரித்த ஆலைகள் மிக்ரோவுக்குச் சரக்குக் கொடுக்க மறுத்தன. சில ஊர்களில் விற்பனை வண்டிகளுக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் வந்தன.

சரக்குக் கிடைக்காவிட்டால் என்ன? டுட்வைலர் தாமே தயாரிக்கத் தொடங்கினார். இங்கே மொழி ஆசிரியர்களுக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. "ஹாக்" என்ற பெயரில் ஒரு பிரபலமான காப்பி இருந்தது. ஜெர்மன் மொழியில் "ஹாக்" என்றால் வேலி என்றும் பொருள். மிக்ரோ தன் காப்பிக்கு "சவுன்" என்று பெயர் வைத்தது. அதற்கும் வேலி என்றே பொருள்! நம் ஒட்டுக்கடைகளில் கிடைக்கும் ஓவல்டின், சுவிட்சர்லாந்தில் பிறந்த பானம். அங்கே அதன் பெயர் ஓவோமால்டின். "ஓவோ" என்பது முட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மிக்ரோவின் போட்டிப் பானத்துக்கு "ஐமால்சின்" என்று பெயர். "ஐ" என்றால் ஜெர்மன் மொழியில் முட்டை. வழக்குகளும் வந்தன. ஆனால், வழக்குச் செய்தியே இலவச விளம்பரமாகவும் ஆனது. குறும்புக்கார மனிதர்.

1933-இல் விவகாரம் பெரிதானது. உலகப் பொருளாதார மந்தக் காலம் அது. சிறு வணிகர்களைக் காப்பதற்காக, பெருங்கடைகளும் பல கிளைகள் கொண்ட கடைகளும் புதிய கிளை திறக்கவோ இருக்கும் கிளையை விரிவாக்கவோ கூடாது என்று சுவிஸ் நாடாளுமன்றம் தடை விதித்தது. சாதாரணமாகச் சுவிட்சர்லாந்தில் ஒரு சட்டம் பிடிக்காவிட்டால் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி, அதை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். இந்தத் தடையோ "அவசரத் தீர்மானம்" என்ற வழியில் வந்தது. ஆகவே, மக்களிடம் போகவில்லை. 1945 வரை நீடித்தது.

டுட்வைலருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: வாயை மூடிக்கொண்டு வணிகத்தைச் சுருக்கிக்கொள்வது, அல்லது சட்டம் செய்யும் இடத்துக்கே போவது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

நாடாளுமன்றத்துக்குள்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, சுவிஸ் ஆட்சிமுறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். அந்த நாட்டில் நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள். மக்கள்தொகைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுவது தேசிய அவை. மாநிலங்களின் சார்பில் அமைவது மாநிலங்கள் அவை. நாட்டை நடத்துவது ஏழு பேர் கொண்ட கூட்டாட்சி மன்றம். நாடாளுமன்ற உறுப்பினர் பதவி முழுநேரத் தொழிலாகக் கருதப்படுவதில்லை. வழக்கறிஞர், விவசாயி, ஆசிரியர், முதலாளி என யாராக இருந்தாலும் தம் தொழிலையும் பார்த்துக்கொண்டு அவைக்கும் வருவார்கள். எனவே, வணிகர் ஒருவர் அங்கே உறுப்பினராவது அதிசயமில்லை. டுட்வைலர் வந்த விதம்தான் அதிசயம்.

1935 தேர்தலில் அவரும் அவரைச் சேர்ந்த சுயேச்சைகளும் தேசிய அவையில் ஏழு இடங்களைப் பிடித்தார்கள். பழைய கட்சிகளுக்கு இது அதிர்ச்சி. அடுத்த ஆண்டு, 1936-இல், அந்தக் குழு ஒரு கட்சியாகவே மாறியது. "சுயேச்சைகளின் தேசிய வட்டம்" என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். முதலாளி கட்சியும் இல்லை, தொழிலாளர் கட்சியும் இல்லை. நுகர்வோரின் குரல் நாங்கள் என்றது அந்தக் கட்சி. "டி டாட்", அதாவது "செயல்", என்ற பத்திரிகையையும் டுட்வைலர் நடத்தினார்.

1940-இல் பதவி விலகினார். 1943-இல் மீண்டும் வந்தார். 1949 முதல் 1951 வரை சூரிக் மாநிலத்தின் சார்பில் மாநிலங்கள் அவையில் இருந்தார். பிறகு 1951 முதல் 1962-இல் இறக்கும் வரை மறுபடியும் தேசிய அவை உறுப்பினர். கூட்டாட்சி மன்றத்தில் அவருக்கு ஒருபோதும் இடம் கிடைக்கவில்லை. கட்சி ஏறக்குறைய எப்போதும் எதிர்வரிசையில்தான்.

அவருடைய குணத்தைக் காட்டும் ஒரு சம்பவம் 1948-இல் நடந்தது. நெருக்கடிக் காலத்துக்கு நாடு உணவுப் பொருளைச் சேமித்து வைக்க வேண்டும் என்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். அது எடுத்துக்கொள்ளப்படாமல் இழுத்துக்கொண்டே போனது. பொறுமை இழந்த டுட்வைலர், பெர்னில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடிகளைக் கல்லால் உடைத்தார். வயது அறுபது! இதைப் பாராட்டுவதா, கண்டிப்பதா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் வரும். என் கருத்து இது: கோரிக்கை நியாயமாக இருக்கலாம், ஆனால், அவையின் விதியை மதிக்காத உறுப்பினர் பிறரிடம் விதியை எதிர்பார்க்க முடியாது.

1941: சொந்தச் சொத்து பொதுச்சொத்தானது

இப்போது நம் முக்கியக் கேள்விக்கு வருவோம். கிளைக் கடைத் தடையால் பாதிக்கப்பட்ட முதலாளி, அதே தடையை எதிர்க்கும் உறுப்பினராக அவையில் உட்கார்ந்தால், அவர் பேசுவது நாட்டுக்காகவா, தம் பைக்காகவா? இதைத்தான் நலன் முரண்பாடு என்கிறோம்.

டுட்வைலர் இதற்கு வாயால் பதில் சொன்னதைவிடக் கையால் சொன்ன பதில் வலுவானது. 1941-இல் தமக்குச் சொந்தமான மிக்ரோவைக் கூட்டுறவுச் சங்கங்களாக மாற்றினார். வாடிக்கையாளர்களுக்கு 30 பிராங்க் மதிப்புள்ள பங்குகள் வழங்கப்பட்டன. கடையில் சாமான் வாங்கியவர்களே கடைக்கு உரிமையாளர்கள் ஆனார்கள். 1946-இல், சூரிக் ஏரிக்கரையில் ரூஷ்லிகோன் என்ற ஊரில் தமக்கு இருந்த நிலத்தையும் பொதுமக்களுக்கான பூங்காவாகக் கொடுத்தார்.

கல்விக்கும் ஒரு பங்கு வந்தது. 1944-இல் சாதாரண மக்களுக்கு மலிவான கட்டணத்தில் மொழி வகுப்புகள் தொடங்கின. அவைதான் பின்னாளில் நாடு முழுவதும் பரவிய "கிளப்ஷூலே" என்ற பெரியோர் கல்விக்கூடங்கள் ஆயின. 1957-இல் இன்னொரு விதி எழுதப்பட்டது. கலை, கல்வி, சமூகப் பணிகளுக்கு விற்பனையில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பது அது. விற்பனையில், லாபத்தில் அல்ல! லாபம் குறைந்த ஆண்டிலும் "இந்த வருஷம் முடியாது" என்று கையை விரிக்க முடியாது. நல்லெண்ணத்தை விதியாக எழுதி வைத்தால்தான் நிலைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாணயத்தின் மறுபக்கம்

இத்தோடு நிறுத்தினால் இது பாராட்டுரை ஆகிவிடும். விவாதக் கட்டுரை ஆகாது. எதிர்த்தரப்பின் சான்றுகளையும் பார்ப்போம்.

முதலாவது, கூட்டுறவு ஆன பிறகும் மிக்ரோவின் தலைமை டுட்வைலரிடமே இருந்தது. பங்கு மக்களிடம், கடிவாளம் அவரிடம். கட்சியிலும் அவர் வைத்ததே சட்டம் என்ற மனத்தாங்கல் உடனிருந்தவர்களுக்கே உண்டு.

இரண்டாவது, கட்சியின் செலவுக்கு மிக்ரோவின் பணம் நீண்ட காலம் உதவியது. மளிகைக் கடையின் வருமானத்தில் கட்சி நடப்பது சரியா? சீனி வாங்க வந்தவர் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடாதவராகவும் இருக்கலாமே! கட்சி 1967-இல் 16 இடங்கள் வரை வளர்ந்தது. பிறகு தேய்ந்து 1999-இல் கலைக்கப்பட்டது. நிறுவனர் இல்லாமலும் நிறுவனத்தின் பணம் இல்லாமலும் அதனால் நிற்க முடியவில்லை என்று வாதிட இடமுண்டு.

மூன்றாவது, நுகர்வோருக்கு விலை குறைந்தது உண்மை. அதற்கு விலை கொடுத்தவர்களில் சிறு கடைக்காரர்களும் உண்டு. இன்று மிக்ரோ சுவிட்சர்லாந்தின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களில் ஒன்று. பெரியவர்களை எதிர்த்துக் கிளம்பியவரின் நிறுவனம் தானே பெரியதாகிவிட்டது.

கட்டுரையில் எப்படிப் பயன்படுத்துவது?

அரசியலுக்கு வரும் எந்த வணிகரைப் பற்றி எழுதினாலும், "நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்காதீர்கள். மனதுக்குள் புகுந்து பார்க்க யாராலும் முடியாது. அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவற்றுக்குச் சான்றோடு பதில் சொல்ல முடியும்.

1. பதவியால் அவருடைய தொழிலுக்கு என்ன கிடைத்தது?
2. பதவிக்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார்? யாரிடம் கொடுத்தார்?
3. அவர் தவறு செய்தால் "முடியாது" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது?

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சுவிஸ் அரசியல்வாதி: கிறிஸ்டோஃப் புளோகர். எம்ஸ் கெமி என்ற இரசாயன நிறுவனத்தின் உரிமையாளர். 2003-இல் கூட்டாட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, நிறுவனத்தில் தமக்கிருந்த பெரும்பான்மைப் பங்கைத் தம் பிள்ளைகளுக்கு மாற்றினார். அந்த மன்றத்தில் இருப்பவர்கள் வேறு தொழில் பார்க்கக்கூடாது என்பது விதி. 2007-இல் நாடாளுமன்றம் அவரை மீண்டும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாம் கேள்வியை இருவருக்கும் போட்டுப் பாருங்கள். இருவருமே கைமாற்றினார்கள். ஒருவர் குடும்பத்துக்கு, இன்னொருவர் வாடிக்கையாளருக்கு. இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. ஆனால், நலன் முரண்பாடு எதில் அதிகம் குறைகிறது? பதிலை மாணவர்களே எழுதட்டும்.

மூன்றாம் கேள்விக்கு 2022-இல் வந்த விடை

டுட்வைலர் காலத்திலிருந்தே மிக்ரோ கடைகளில் மதுவும் புகையிலையும் விற்பதில்லை. மதுவில் நல்ல லாபம் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் இறந்து அறுபது ஆண்டுகள் கழித்து, 2022-இல், மது விற்கலாமா என்ற கேள்வி உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு வந்தது. இருபது இலட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் உள்ள நிறுவனம் அது. வட்டாரக் கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தம் பத்து. பத்திலும் "வேண்டாம்" என்ற பதிலே வென்றது.

இதிலும் ஒரு நெருடல் உண்டு. மிக்ரோ 2007-இல் டென்னர் என்ற மலிவுவிலைக் கடை நிறுவனத்தைத் தன்வசப்படுத்தியது. அங்கே மதுவும் விற்கிறார்கள், சிகரெட்டும் விற்கிறார்கள். ஆகவே, "கொள்கை மாறாத நிறுவனம்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள்.

ஆனாலும் அந்த வாக்கெடுப்பு ஒன்றைக் காட்டுகிறது. 1941-இல் கொடுக்கப்பட்ட 30 பிராங்க் பங்கு வெறும் காகிதமாகப் போய்விடவில்லை. டுட்வைலர் உயிரோடு இருந்தவரை "முடியாது" என்று சொல்லும் அதிகாரம் மக்களிடம் எழுத்தில் இருந்தது. ஆனால், தலைமை அவர் கையில் இருந்தது. அவர் போன பிறகும் அந்த எழுத்து நிற்கிறது. நல்லவரை நம்புவதைவிட, நல்லவர் இல்லாதபோதும் வேலை செய்யும் விதியை நம்பலாம். வணிகர் அரசியலுக்கு வரலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: வரலாம்; ஆனால், தம்மைத் தடுக்கும் அதிகாரத்தைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

இதை நீங்கள் ஏற்க வேண்டும் என்பதில்லை. மேலே உள்ள அதே சான்றுகளை வைத்து எதிர்வாதம் எழுதிக் காட்டும் மாணவருக்கு இரட்டிப்புப் பாராட்டு.

வகுப்புப் பயிற்சிகள்

1. 1933-ஆம் ஆண்டுத் தடையை ஆதரிக்கும் சிறு கடைக்காரராக உங்களைக் கற்பனை செய்து, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுக.
2. "லாபத்தில் பங்கு", "விற்பனையில் பங்கு": இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு வாக்கியங்களில் விளக்குக.
3. டுட்வைலர் கல்லெறிந்த செயலை ஆதரித்து ஒரு பத்தியும், கண்டித்து ஒரு பத்தியும் எழுதுக. ஒவ்வொன்றிலும் ஒரு சான்றாவது இருக்க வேண்டும்.
4. மூன்று கேள்விகளையும் பயன்படுத்தி, "வணிகர்கள் அரசியலில் ஈடுபடுவது நாட்டுக்கு நன்மையே" என்னும் தலைப்பில் விவாதக் கட்டுரைக்கான சட்டகம் தயாரிக்கவும்.

சொல் விளக்கம்

நலன் முரண்பாடு: ஒருவரின் பொதுக்கடமையும் சொந்த ஆதாயமும் மோதும் நிலை.
கூட்டுறவுச் சங்கம்: உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் அமைப்பு.
மக்கள் வாக்கெடுப்பு: ஒரு சட்டத்தையோ முடிவையோ ஏற்பதா வேண்டாமா என்று குடிமக்களே நேரடியாக வாக்களிப்பது.
சில்லறை வணிகம்: பயன்படுத்துபவருக்கு நேரடியாகச் சிறு அளவில் விற்பது.